ஒரு கம்ப்ரசரிலிருந்து தொடங்குங்கள்: சிறு பட்டறையில் இயந்திரங்களை இணைக்கும் வழி

மதியம் ஒன்றேகால் மணி. கோவை கணபதிப் பக்கம் ஒரு லேத் பட்டறை. ஆட்கள் டிபன் கேரியரைத் திறந்து உட்கார்ந்துவிட்டார்கள். கணினி நிரலால் இயங்கும் சி.என்.சி. மெஷின்கள் இரண்டும் நின்றிருக்கின்றன. மூலையிலிருந்த கம்ப்ரசர் திடீரென உறுமத் தொடங்கியது. இரண்டு நிமிடம் ஓடி நின்றது. ஆறு நிமிடம் கழித்து மறுபடியும் உறுமல். காற்றை யாருமே பயன்படுத்தாத நேரத்தில் அது யாருக்காக ஓடுகிறது என்று கேட்டேன். "அது எப்போதும் அப்படித்தான்" என்றார் ஃபோர்மேன், சோற்றிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுநாள் அந்தக் கம்ப்ரசரின் பேனலில் ஒரு மீட்டரையும் ஒரு சின்ன வைஃபை போர்டையும் மாட்டினோம். மூன்றாம் நாள் காலை முதலாளி கைபேசியில் வரைபடத்தைப் பார்த்தார். சாப்பாட்டு நேரத்தில், டீ நேரத்தில், ஆட்கள் வந்து சேர்வதற்கு முந்தைய அரை மணி நேரத்தில், சீப்பின் பற்கள்போல ஒரே சீரான கோடுகள். கணக்கு எளியது. காற்றைப் பயன்படுத்தாத நேரத்தில் கம்ப்ரசர் ஓடும் நேரத்தை, ஓடும் நேரமும் நிற்கும் நேரமும் சேர்ந்த மொத்தத்தால் வகுக்க வேண்டும். இரண்டை எட்டால் வகுத்தால் 25 சதவீதம். அதாவது அந்தக் கம்ப்ரசரின் திறனில் கால்பங்கு வெறும் கசிவுக்கே போய்க்கொண்டிருந்தது. சோப்புத் தண்ணீரும் பெயின்ட் பிரஷும் எடுத்துக்கொண்டு குழாய் வழியே நடந்தோம். மெஷினுக்குப் பின்னால் ஓர் இணைப்பில் நுரை பூத்தது. கப்ளர் ஒன்றில் பூத்தது. டேங்கின் அடியிலிருந்த டிரெயின் வால்வு முழுவதும் மூடாமலேயே இருந்தது. டெஃப்லான் டேப்பும் ஒரு புதிய கப்ளரும்தான் செலவு.

ஐஓடி (கருவிகளை இணையத்தோடு இணைப்பது), ஸ்மார்ட் ஆட்டோமேஷன், நான்காம் தொழிற்புரட்சி என்றெல்லாம் கேட்கும்போது ரோபோ கைகளும் ஆளில்லாத ஆலைகளும் கண்முன் வருகின்றன. 2011-இல் ஜெர்மனியின் ஹானோவர் கண்காட்சியில் 'இண்டஸ்ட்ரி 4.0' என்ற சொல் அறிமுகமானபோது பேசப்பட்டது பெரிய ஆலைகளைப் பற்றித்தான். ஆனால் 2016-இல் வந்த ஈஎஸ்பி32 போன்ற சில்லுகள், வைஃபையும் புளூடூத்தும் சேர்ந்த ஒரு சிறு கணினியைச் சில நூறு ரூபாய்க்குக் கொண்டுவந்துவிட்டன. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கும் இது எட்டும். இந்தத் துறைக்குப் புதிதாக வருகிற பட்டறை உரிமையாளருக்காகவும் சூப்பர்வைசருக்காகவும், டிப்ளமோ முடித்த கையோடு வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

1. கேள்வியைத் தாளில் எழுதுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள். "பட்டறையை ஸ்மார்ட்டாக்க வேண்டும்" என்பது ஆசை, கேள்வி ஆகாது. "இரண்டாம் ஷிப்டில் இந்த மெஷின் உண்மையில் எத்தனை மணி நேரம் வெட்டுகிறது?", "ஆள் இல்லாத நேரத்தில் கம்ப்ரசர் எவ்வளவு நேரம் ஓடுகிறது?", "ஃபர்னஸ் சூடேற எத்தனை நிமிடம் காத்திருக்கிறோம்?" இவை கேள்விகள். விடை கிடைத்தால் நாளைக் காலை எதை மாற்றுவீர்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். எழுத ஒன்றும் தோன்றவில்லையென்றால் அந்த அளவீடு இப்போதைக்கு வேண்டாம்.

பிறகு மூன்று நாள், கடிகாரமும் நோட்டும் வைத்துக்கொண்டு கையாலேயே அளந்து பாருங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். தாண்டாதீர்கள். நாளை சென்சார் ஓர் எண்ணைச் சொல்லும்போது அது சரியா தவறா என்று உரசிப் பார்க்க உங்களிடம் இருக்கப்போவது இந்த நோட்டு ஒன்றுதான்.

2. இயந்திரத்தைத் தொடுமுன் ஆபரேட்டரிடம் பேசுங்கள்

நல்ல கருவிகள் வீணாகப் போனதை நான் பார்த்தது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஒரு பட்டறையில் ஆபரேட்டரிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் மெஷினில் சென்சார் வைத்தார்கள். முதல் வாரமே, "மெஷின் மூன்று மணி நேரம் நின்றிருக்கிறது, நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்று கேட்டுவிட்டார்கள். அந்த மூன்று மணி நேரமும் அவர் இன்ஸ்பெக்‌ஷன் முடிவுக்காகக் காத்திருந்தார். அடுத்த வாரம் சென்சாரின் ஒயர் 'தானாகவே' கழன்றிருந்தது. அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை.

இயந்திரம் நின்றது என்பதை மட்டுமே சென்சாரால் சொல்ல முடியும். ஏன் நின்றது என்பது ஆபரேட்டருக்குத்தான் தெரியும். ஆகவே அவரை இந்த வேலையில் பங்காளியாக்குங்கள். மெஷின் பக்கத்தில் நான்கு பொத்தான்கள் வையுங்கள்: பொருள் வரவில்லை, டூல் மாற்றம், செட்டிங், இன்ஸ்பெக்‌ஷனுக்காகக் காத்திருப்பு. நின்றதும் அவர் ஒன்றை அழுத்தினால் போதும். வரைபடம் ஓடும் திரையை முதலாளியின் அறையில் மட்டும் வைக்காமல், அவர் பார்க்கும்படியும் வையுங்கள். இந்தத் தகவலை வைத்துக் கூலி பிடிக்கப்படாது என்று வாக்குக் கொடுங்கள், அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

3. சிக்னலை எங்கே பிடிப்பது

இயந்திரத்தின் நிலையை அறியப் பல வாசல்கள் உண்டு. சி.என்.சி. மெஷினின் தலையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று எரியும் டவர் லேம்ப்மீது ஒளி சென்சாரை ஒட்டினால், உள்ளே ஒரு ஒயரைக்கூடத் தொடாமல் ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரிந்துவிடும். வாரண்டியில் இருக்கும் மெஷினுக்கு இதுவே நல்லது. கன்ட்ரோலரோடு நேரடியாகப் பேசி எண்களை எடுப்பது இன்னும் வளமானது. ஆனால் ஒவ்வொரு கன்ட்ரோலருக்கும் ஒரு பாஷை. முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.

பெரும்பாலோர் கையிலெடுப்பது சி.டி. காயில். பிளந்து திறக்கும் வளையம்போன்ற அந்தக் காயிலை ஒயரைச் சுற்றி மூடினால், ஒயரில் ஓடும் கரண்டுக்கு ஏற்ற சிறு கரண்ட் அதில் உண்டாகும். இதில் புதியவர்கள் தவறும் இடங்கள் எல்லாமே தெரிந்தவைதான். மூன்று ஃபேஸ் ஒயர்களையும் சேர்த்து வளையத்துக்குள் விட்டால் ஒன்றையொன்று சமன்செய்து பூச்சியத்துக்குப் பக்கத்தில்தான் காட்டும். ஒரு ஃபேஸை மட்டும் விட வேண்டும். 10 குதிரைத்திறன் மோட்டார் முழுச்சுமையில் ஏறத்தாழ 15 ஆம்பியர் எடுக்கும். அதற்கு 100 ஆம்பியர் காயிலை மாட்டினால் அளவுகோலின் அடிமூலையிலேயே எண்கள் தத்தளிக்கும். 30 ஆம்பியர் காயில் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அதே ஒயரை வளையத்துக்குள் இரண்டு முறை சுற்றி எடுங்கள். இரண்டு மடங்காகக் காட்டும், பாதியாகக் கணக்கிட்டுக்கொள்ளலாம். 100 ஆம்பியருக்கு 50 மில்லி ஆம்பியர் தரும் வகையென்றால், அந்தக் கரண்டை வோல்ட்டாக மாற்ற ஒரு மின்தடை வேண்டும். போர்டு 3.3 வோல்ட் வரைதான் தாங்கும் என்பதால் 22 ஓம் பொருந்தும். ஒயரில் கரண்ட் ஓடும்போது காயிலின் முனைகளை எதிலும் இணைக்காமல் திறந்துவிடக் கூடாது, உயர் வோல்ட் எழும்.

பேனலைத் திறப்பது உரிமம் உள்ள எலக்ட்ரீசியனின் வேலை. மெயினை அணைத்து, பூட்டி, சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவர் செய்ய வேண்டும். நீங்கள் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள். இதில் சமரசம் கிடையாது.

காயிலில் ஒரு நுட்பமான சிக்கலும் இருக்கிறது. இண்டக்‌ஷன் மோட்டார் சுமையே இல்லாமல் சும்மா சுற்றும்போதும் முழுச்சுமைக் கரண்டில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் பாதிகூட எடுக்கும். அதில் பெரும்பகுதி காந்தப்புலத்தை உண்டாக்கத்தான், வேலைக்காக அன்று. ஆம்பியரை மட்டும் பார்த்து "மெஷின் பாதிச் சுமையில் ஓடுகிறது" என்று முடிவுகட்டினால் ஏமாந்துபோவோம். உண்மையான கிலோவாட் தெரிய வேண்டுமென்றால் வோல்ட், கரண்ட், பவர் ஃபேக்டர் (எடுக்கும் கரண்டில் வேலைக்குப் போகும் பங்கு) மூன்றும் வேண்டும்.

அதனால் என் சிபாரிசு டிஜிட்டல் எனர்ஜி மீட்டர். உங்கள் பேனலில் ஏற்கெனவே ஒன்று இருக்கலாம். அதன் பின்புறம் ஏ, பி என்று இரண்டு டெர்மினல்கள் வெறுமனே கிடக்கின்றனவா பாருங்கள். அது ஆர்எஸ்-485 வாசல். மாட்டிய நாளிலிருந்து யாரும் தட்டாத கதவு. அதன் வழியே மீட்டர் பேசும் மொழி மோட்பஸ். மோடிகான் நிறுவனம் 1979-இல் தன் கன்ட்ரோலர்களுக்காக உருவாக்கியது. இன்றும் தொழிற்சாலைகளில் அதிகம் புழங்கும் மொழிகளில் ஒன்று. மீட்டரோடு வந்த கையேட்டில் எந்த எண் எந்த ரெஜிஸ்டரில் இருக்கிறது என்ற பட்டியல் இருக்கும். மீட்டரின் முகவரி எண், வேகம், பேரிட்டி (பிழை சரிபார்க்கும் முறை) மூன்றும் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் 415 வோல்ட்டுக்குப் பதில் கோடிக்கணக்கில் ஓர் எண் வந்தால் பதறாதீர்கள். தசம எண் ஒன்று இரண்டு ரெஜிஸ்டர்களில் பாதிபாதியாக வருகிறது, அவற்றை முன்பின்னாகச் சேர்த்திருக்கிறீர்கள். இடம் மாற்றினால் சரியாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு இரவு பிடித்தது. உங்களுக்கு அந்த இரவு மிச்சம்.

4. போர்டு, பெட்டி, ஒயர்

மேசைமேல் நன்றாக வேலை செய்யும் போர்டு பட்டறைக்குள் போனதும் தடுமாறும். கூலன்ட் ஆவி, இரும்புத் தூள், கோடையில் தகரக் கூரையின் வெக்கை, பக்கத்தில் வெல்டிங். ஐபி65 தரப் பெட்டியில் வையுங்கள். 6 என்றால் தூசி புகாது, 5 என்றால் நீர்ப் பீச்சலைத் தாங்கும். இரும்புப் பேனலுக்குள் வைஃபை சிக்னல் நுழையாது, ஆன்டெனாவை வெளியே கொண்டுவாருங்கள். மொபைல் சார்ஜரில் ஓட்டாதீர்கள், பேனலில் மாட்டும் தரமான பவர் சப்ளை வாங்குங்கள். முறுக்கிய இணை ஒயரில் ஆர்எஸ்-485 ஏறத்தாழ 1,200 மீட்டர் வரை போகும். மோட்டார் ஒயரோடு ஒரே குழாயில் இழுத்தால் மட்டும் மக்கர் செய்யும். பட்டறையின் கோடியிலுள்ள தண்ணீர்த் தொட்டி, தோட்டத்து போர்வெல் போன்ற தூரத்து இடங்களுக்கு லோரா என்ற நெடுந்தூர ரேடியோ முறை உண்டு. இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில், விதித்துள்ள சக்தி வரம்புக்குள், உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம்.

கரண்ட் போகும், நெட் போகும். போர்டு அந்த நேரத்துத் தகவலைத் தன்னிடமே சேர்த்துவைத்துப் பிறகு அனுப்பும்படி நிரல் எழுதுங்கள். நேரமும் முக்கியம். சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் எழுதும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. காலை எட்டு மணி ஷிப்ட் திரையில் அதிகாலை இரண்டரைக்குத் தொடங்குவதாகத் தெரிந்தால் காரணம் இதுதான்.

5. தகவல் போய்ச் சேரும் இடம்

1999-இல் ஐபிஎம்மைச் சேர்ந்த ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்காம் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்லன் நிப்பரும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க ஒரு முறையை வகுத்தார்கள். இணைப்பு மெதுவானது, விலை அதிகம், அடிக்கடி அறுந்துபோகும். அதற்கேற்ப அவர்கள் உருவாக்கிய எம்க்யூடிடி, நம் பட்டறை வைஃபைக்கும் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. நடுவில் ஒரு பத்திரிகை ஏஜென்ட் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு புரோக்கர் என்று பெயர். போர்டு 'பட்டறை/கம்ப்ரசர்/கிலோவாட்' என்ற தலைப்பில் எண்ணை அவரிடம் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். அந்தத் தலைப்புக்குச் சந்தா கட்டியவர்கள் எல்லோருக்கும் அவர் கொண்டுபோய்க் கொடுப்பார்.

ஒரு பழைய கணினியிலோ ராஸ்பெரி பை என்ற சிறு கணினியிலோ மூன்று இலவச மென்பொருள்களையும் ஒரு தரவுத்தளத்தையும் ஏற்றினால் போதும். மஸ்கீட்டோ புரோக்கராக இருக்கும், நோட்-ரெட் தகவலை வாங்கித் தரவுத்தளத்தில் சேர்க்கும், கிராஃபானா வரைபடமாக்கும். கம்ப்ரசருக்கு ஐந்து நொடிக்கு ஒரு முறை அளந்தால் நாளுக்கு 17,280 எண்கள். இதுவே தாராளம். ஃபர்னஸ் வெப்பநிலைக்கு நிமிடத்துக்கு ஒன்று போதும்.

தயாராக விற்கும் சேவையை வாங்குவதிலும் தவறில்லை, உங்கள் நேரத்துக்கும் விலை உண்டு. கையெழுத்துப் போடுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். என் தகவல் முழுவதையும் எக்செல் கோப்பாக நானே எடுத்துக்கொள்ள முடியுமா? மாதக் கட்டணத்தை நிறுத்தினால் கருவி செத்துவிடுமா? இந்தத் தகவலை வேறு யாருக்குக் கொடுப்பீர்கள்? விடை மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

6. ஒரு வாரம் எதையும் மாற்றாதீர்கள்

வரைபடம் ஓடத் தொடங்கியதும் உடனே எதையாவது திருத்தத் தோன்றும். ஒரு வாரம் பொறுங்கள். திங்கட்கிழமை காலை எப்படி இருக்கிறது, சம்பள நாள் எப்படி இருக்கிறது, கரண்ட் போய் வந்த பிறகு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கையால் எழுதிய நோட்டோடு ஒப்பிடுங்கள். எத்தனை கிலோவாட்டுக்கு மேல் போனால் 'ஓடுகிறது' என்று கொள்வது என்பதை அந்த வாரம்தான் சொல்லும். பிறகு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் பலன் எதனால் வந்தது என்று தெரியாது.

ஓ.இ.இ. என்ற குறியீட்டு எண்ணைப் பலர் முதல் நாளே கேட்பார்கள். இயங்கிய நேரம், வேகம், தரம் மூன்றின் சதவீதங்களைப் பெருக்கி வருவது அது. மூன்றும் 90 என்றால் பெருக்கிய பின் 72.9 தான். சரியான மூலத் தகவல் கைக்கு வராதவரை அந்த எண் வெறும் அலங்காரம்.

மோட்டார் பேரிங் பற்றிக் கேட்பவர்களும் உண்டு. அதிர்வை நொடிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்ற கணக்கில் அளக்கிறார்கள். 15 கிலோவாட் வரையிலான சிறு இயந்திரங்களுக்கு 0.71-க்குள் நன்று, 4.5-ஐத் தாண்டினால் ஆபத்து என்றது ஐஎஸ்ஓ 10816 என்ற பழைய தரநிலை (அதன் இடத்தில் இப்போது ஐஎஸ்ஓ 20816 இருக்கிறது). ஆனால் ஒரு நாள் அளவைவிட, போன மாதம் எவ்வளவு இருந்தது என்பதுதான் பேரிங்கின் கதையைச் சொல்லும். அதிர்வு ஏறிக்கொண்டே போனால், ஞாயிற்றுக்கிழமை நிதானமாக மாற்ற வேண்டிய பேரிங்கை டெலிவரி நாளன்று உடைய விடாமல் தடுக்கலாம்.

இப்படித் தொடர்ந்து அளப்பது வியாபாரத்தின் வடிவத்தையே மாற்றக்கூடியது. 1962-இல் பிரிட்டனின் பிரிஸ்டல் சிட்லி நிறுவனம் விமான எஞ்சினின் பராமரிப்புக்குத் தனித்தனியாகக் காசு வாங்குவதை விட்டு, பறந்த மணிக்கணக்குக்கு இவ்வளவு என்று வாங்கத் தொடங்கியது. பின்னர் அதை ரோல்ஸ்-ராய்ஸ் எடுத்து வளர்த்தது. எஞ்சின் பழுதாகாமல் பறந்தால் இரு தரப்புக்கும் லாபம். கம்ப்ரசருக்குப் பதிலாகக் காற்றை மட்டும் விற்று, மீட்டர் பார்த்துக் காசு வாங்கும் நிறுவனங்கள் இன்று உண்டு. நம் ஊர் பம்பு, மோட்டார் தயாரிப்பாளர்களுக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது.

7. பார்த்த பிறகே தானாக இயங்கவிடுங்கள்

பார்ப்பது ஒன்று, கை வைப்பது வேறொன்று. முதலில் கைபேசிக்கு எச்சரிக்கை மட்டும் வரட்டும். அதில் பொய் எச்சரிக்கை நின்றபின் சின்னச் செயல்களைக் கொடுங்கள். அந்த லேத் பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் மெயின் காற்றுக் குழாயை மூடும் சொலினாய்டு வால்வு (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு) ஒன்றை வைத்தோம். மணி அடித்ததும் மூடும், ஷிப்ட் தொடங்கும்போது ஃபோர்மேன் பொத்தானை அழுத்தினால் திறக்கும். காற்றில் பிடித்து நிற்கும் சக், கிளாம்ப் எதுவும் அந்தக் குழாயில் இல்லை என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டோம்.

இரண்டு எல்லைகளைத் தாண்டவே கூடாது. எமர்ஜென்சி ஸ்டாப் பொத்தானும் பாதுகாப்புக் கதவின் சுவிட்சும் நேரடி ஒயரில்தான் இருக்க வேண்டும், வைஃபை வழியே போகக் கூடாது. அடுத்தது, கரண்ட் போய் வந்ததும் மோட்டாரைத் தானாக ஓடவைக்கும் நிரலை எழுதாதீர்கள். ஸ்டார்ட்டரில் இருக்கும் நோ வோல்ட் காயில், கரண்ட் போனால் மோட்டாரைக் கழற்றிவிடுவது காரணத்தோடுதான். கரண்ட் இல்லையே என்று பெல்ட்டுக்குள் கைவிட்டுச் சரிசெய்துகொண்டிருப்பவர் ஒருவர் அங்கே இருக்கலாம்.

8. பூட்டிவையுங்கள்

2016-இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் கேமராக்களையும் ரெகார்டர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றியது. அது பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கருவிகளைத் தேடிப் பிடித்தது, அவ்வளவுதான். போர்டு, புரோக்கர், ரவுட்டர் எல்லாவற்றின் பாஸ்வேர்டையும் முதல் நாளே மாற்றுங்கள். இயந்திரங்களுக்குத் தனி வைஃபை வையுங்கள், விருந்தினர் கைபேசி அதில் ஏறக் கூடாது. வெளியிலிருந்து பார்க்க வேண்டுமென்பதற்காக ரவுட்டரில் கதவைத் திறந்துவைக்காதீர்கள். விபிஎன் என்ற பூட்டிய தனி வழியே வாருங்கள்.

வேலை முடிந்ததும் ஒரு தாளை எடுத்து, எந்த ஒயர் எங்கிருந்து எங்கே போகிறது, மீட்டரின் முகவரி எண் என்ன, காயிலுக்குள் ஒயரை எத்தனை சுற்றுச் சுற்றியிருக்கிறோம், எந்தத் தேதியில் மாட்டினோம், பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்பதையெல்லாம் தமிழில் தெளிவாக எழுதுங்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பேனல் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். இரண்டு வருடம் கழித்து இரவு ஷிப்டில் அந்தக் கதவைத் திறக்கப்போகும் எலக்ட்ரீசியன் நீங்களாக இருக்க மாட்டீர்கள்.